மரத்தடியில் நிரப்ப வேண்டிய படிவம்

பிரிட்டனில் மரப் பராமரிப்புத் தொழில் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் வேனுக்குள் எட்டிப் பார்த்தால், சங்கிலி ரம்பங்கள், கயிற்றுப் பைகள், எரிபொருள் கேன், ஹெல்மெட்டுகள் இவற்றுக்கு நடுவே ஓர் அட்டையில் செருகிய இரண்டு பக்கப் படிவம் பெரும்பாலும் கண்ணில் படும். வேலை தொடங்குமுன் மரத்தடியில் நின்று நிரப்ப வேண்டியது அது. மரம் என்ன இனம்? அடியில் காளான் இருக்கிறதா? மின்கம்பி எவ்வளவு பக்கத்தில் போகிறது? காற்று எப்படி? மேலே ஏறியவர் மயங்கிவிட்டால் அவரை இறக்கப்போவது யார்? ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும்? கடைசியில் அன்று வேலைக்கு வந்த எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அலுவலகச் சடங்காகத் தெரியும். ஆனால் அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் மரத்தின் உயிரியலோ, கயிற்றின் இயற்பியலோ, மனித உடலின் எல்லையோ நிற்கிறது. அது தெரிந்து நிரப்புகிறவருக்குப் படிவம் என்பது அன்றைய வேலையின் முதல் பகுதி. தெரியாமல் டிக் போட்டுக்கொண்டே போகிறவரோடு மரம் ஏறுவது ஆபத்து.

பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1974-இல் வந்தது. அதன் கீழ் 1999-இல் வெளியான விதிகள், எந்த முதலாளியும் தன் தொழிலில் உள்ள ஆபத்துகளை முன்கூட்டி ஆராய வேண்டும் என்கின்றன. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்த ஆய்வின் முக்கிய முடிவுகளை எழுத்தில் வைத்தாக வேண்டும். மரத் தொழிலில் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்கள் ஏராளம். அப்படிப் பார்த்தால் பலருக்கு இதை எழுதிவைக்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. இருந்தும் எழுதுகிறார்கள். தாளைப் பார்க்காமல் உள்ளூராட்சி மன்றம் வேலை தராது, இன்சூரன்ஸ் நிறுவனம் யோசிக்கும் என்பது ஒரு காரணம். என் கணக்கில் பெரிய காரணம் வேறு. மூன்று வருடமாகத் தினமும் மரம் ஏறுகிறவரின் கண் மரத்தைப் பார்க்கும், ஆனால் பார்த்தது மனத்தில் பதியாது. எழுதுகிற கைதான் அந்த மனத்தை இரண்டு நிமிடம் பிடித்து நிறுத்துகிறது.

ஒரு காலை வேலையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீடு, பின்தோட்டத்தில் 20 மீட்டர் உயர ஆஷ் மரம். அதன் கீழே செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில். ஒரு பக்கம் அண்டை வீட்டு வேலி, மறுபக்கம் ஆட்கள் நடமாடும் பாதை. வந்திருப்பது மூன்று பேர். மரம் காய்ந்துகொண்டே வருகிறது, எடுத்துவிடுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். படிவத்தின் முதல் கேள்வி மரத்தின் இனமும் நிலையும். அந்த ஒரு கேள்வியிலேயே வேலையின் திசை மாறிவிடுகிறது.

கிழக்கு ஆசியாவில் ஆஷ் இன மரங்களின் இலைகளில் பெரிய கேடு செய்யாமல் வாழ்ந்துவந்த ஒரு பூஞ்சை, ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. 1992-இல் போலந்தில் ஆஷ் மரங்கள் மடிவது கவனத்துக்கு வந்தது. 2012-இல் பிரிட்டனில் நோய் உறுதியானது. ஹைமெனோசைஃபஸ் ஃப்ராக்ஸினியஸ் என்பது அந்தப் பூஞ்சையின் பெயர். கீழே உதிர்ந்து கிடக்கும் இலைக்காம்புகளில் கோடையில் சின்னஞ்சிறு வெள்ளைக் காளான்களாக முளைத்து, காற்றில் வித்துகளைத் தூவும். வித்து இலையில் விழுந்து, காம்பு வழியாகச் சிறு கிளைக்குள் இறங்கும். கிளையைச் சுற்றிப் பட்டையும் அதன் அடியில் உள்ள திசுவும் செத்துப்போனால், அதற்கு மேலே உள்ள பகுதிக்கு நீர் போகாது. உச்சியிலிருந்து மரம் காய ஆரம்பிக்கும். நலிந்த மரத்தின் அடியை வேறு பூஞ்சைகள் பிடித்துக்கொள்ளும். நாட்டில் உள்ள ஆஷ் மரங்களில் 80 சதவீதம் வரை மடியக்கூடும் என்பது மதிப்பீடு. இந்த நோயால் பிரிட்டனுக்கு ஆகும் மொத்தச் செலவு ஏறத்தாழ 1,500 கோடி பவுண்டு என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மரம் ஏறுபவருக்கு இதில் என்ன? நலமான ஆஷ் மரக்கட்டை நீண்ட நாரும் துள்ளலும் உடையது. கோடரிக் காம்புக்கும் ஹாக்கி மட்டைக்கும் அதைத் தேடிப்போனது அதனால்தான். நலமான கிளை ஒடிவதற்கு முன் வளையும், முனகும். ஏறியவருக்கு ஒரு நொடியாவது அவகாசம் கிடைக்கும். இந்த நோய் முற்றிய மரம் உலர்ந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. கிளை முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். ஏறுபவர் தன் உயிரைக் கட்டியிருப்பதும் அந்தக் கிளையில்தான். அதனால் ஆஷ் மரத்துக்கு முன் நிற்கும் குழு, இலை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறது. முழுத் தழையில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிறதா, பாதிக்கு மேலா, பாதிக்குக் கீழா, கால் பங்குகூட இல்லையா என்று நான்கு நிலையாகப் பிரிப்பது வழக்கம். பாதிக்குக் கீழே போனால் ஏறும் யோசனையைக் கைவிட்டு, ஹைட்ராலிக் கையில் தொட்டி பொருத்திய வாகனத்தைக் கொண்டுவருவதே முறை.

அடியிலேயே அறுத்துச் சாய்த்துவிடலாமே என்றால் அதிலும் சிக்கல். மரத்தைச் சாய்க்கும்போது விழ வேண்டிய பக்கம் ஒரு ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து அறுப்பார்கள். நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு ஒரு பட்டையை அறுக்காமல் விடுவார்கள். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி அந்தப் பட்டை வளைந்து மரத்தைத் திசை தப்பாமல் இறக்கும். உலர்ந்து நொறுங்கும் ஆஷில் இந்தக் கீல் வளையாமல் சட்டென்று அறுந்துபோகும். சாய்ந்து நிற்கும் ஆஷில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. நீளவாக்கில் பிளக்கும் குணம் அந்த மரத்துக்கு இயல்பு. அறுத்துக்கொண்டிருக்கும்போதே தண்டு செங்குத்தாகப் பிளந்து, பின்பாதி அறுப்பவரின் முகத்துக்கு நேரே உதைத்து எழும். இனம், நிலை, சாய்வு என்ற மூன்று சின்னக் கட்டங்கள் படிவத்தில் இருப்பது இதற்காக.

வாகனம் வாடகைக்கு எடுத்தால் செலவு கூடும். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், பக்கத்து ஊர்க்காரர் பாதி விலைக்கு ஏறி வெட்டித் தருவதாகச் சொன்னார் என்பார். அப்போது அந்தத் தாள்தான் குழுத் தலைவருக்குத் துணை. ஏறக் கூடாது என்பதற்கான காரணம் அதில் எழுதியிருக்கிறது. அதைக் காட்டி வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரும் நிறுவனங்களை நான் பெரிதும் மதிக்கிறேன். வருமானத்தை விட்டுக்கொடுத்து ஓர் உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள், அது யாருடைய உயிர் என்று அவர்களுக்கே தெரியப்போவதில்லை.

ஆஷ் நோயாவது உச்சியில் தன்னைக் காட்டிக்கொள்கிறது. காட்டிக்கொள்ளாத நோய்களும் உண்டு. பீச், லைம் போன்ற மரங்களின் அடியில் கரிந்துபோன தார் மாதிரி ஒரு கறுப்புப் படலம் ஒட்டியிருக்கும். க்ரெட்ஸ்மேரியா டியூஸ்டா என்ற பூஞ்சை அது. மேலே தழை பச்சைப் பசேலென்று இருக்கும். நடந்து போகிறவர் மரத்தின் உடல்நலத்தைப் பாராட்டிவிட்டுப் போவார். மரக்கட்டையின் வலிமை இரண்டு பொருள்களின் கூட்டணி: இழுவிசையைத் தாங்கும் செல்லுலோஸ், அழுத்தத்தைத் தாங்கும் லிக்னின். இந்தப் பூஞ்சை செல்லுலோஸை முதலில் தின்றுவிட்டு லிக்னினை மிச்சம் வைக்கிறது. மிஞ்சுவது கடினமானதுதான், ஆனால் பீங்கான் உடைவதுபோல ஒரே வெடிப்பில் உடையும். தழையை மட்டும் பார்த்துவிட்டு ஏறக் கூடாது, அடிமரத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடக்க வேண்டும் என்று வைத்திருப்பது இந்தப் பூஞ்சைக்காகத்தான். இலைச்சருகையும் படர்கொடியையும் கையால் விலக்கிவிட்டு, நைலான் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடப்பார்கள். கெட்டியான இடம் கணீரென்று பதில் சொல்லும், பொள்ளலான இடத்தில் ஓசை மந்தமாக இறங்கும்.

பொள்ளல் இருந்தால் மரம் விழப்போகிறது என்று பதற வேண்டியதும் இல்லை. ஒரு உருளையின் வளைவு வலிமை பெரும்பாலும் அதன் வெளிவட்டத்தில் இருக்கிறது. ஆரத்தில் 70 சதவீதம் வரை உள்ளே அரித்துப்போய் வெளிச்சுவர் மட்டும் 30 சதவீதம் இருந்தாலும், இழப்பது 0.7-இன் நான்காம் அடுக்கு, அதாவது 24 சதவீத வலிமை மட்டுமே. முக்கால் பங்கு வலிமை இன்னும் மரத்திடம் இருக்கிறது. ஆரத்தில் 90 சதவீதம் அரித்துவிட்டால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. ஜெர்மானிய ஆய்வாளர் க்ளாஸ் மாத்தெக், முறிந்த மரங்களையும் முறியாத மரங்களையும் அளந்து, சுவர் தடிமன் ஆரத்தில் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கையாகுங்கள் என்றார். இது எல்லா மரத்துக்கும் ஒரேயடியாகப் பொருந்துமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. சுவரில் விரிசலோ திறப்போ இருந்தால் கணக்கே வேறு. ஆனாலும் “பொள்ளல் உண்டு” என்று எழுதுவதற்கும், “பொள்ளல் உண்டு, வடக்குப் பக்கம், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சுவர் ஏறத்தாழ ஒரு சாண்” என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில் இருக்கிறது. இரண்டாவது குறிப்பை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம், முதல் குறிப்பை வைத்து வர முடியாது.

சட்டம் சார்ந்த கேள்விகளும் சில உண்டு. மரம் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டதா, பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருக்கிறதா? ஆணைக்கு உட்பட்டதென்றால் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும்; பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் 1.5 மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரத்தில் கை வைக்க ஆறு வாரம் முன்பே மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். கூட்டில் பறவை இருக்கிறதா, பொந்தில் வௌவால் தங்குகிறதா? வௌவால் வெளியே போயிருந்தாலும் அது தங்கும் பொந்தை அழிப்பது அங்கே குற்றம்.

கயிற்றுக்கு வருவோம். மரத்தைத் துண்டு துண்டாக இறக்கும் வேலையில் உயிர் போகும் கணக்குகள் நிறைய இருக்கின்றன. அரை மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள பச்சை ஓக் துண்டு ஒன்று ஏறத்தாழ 200 கிலோ எடை. சின்னத் துண்டு என்றுதான் கண்ணுக்குத் தோன்றும். தண்டின் மேலே அதை அறுத்துத் தள்ளுகிறார்கள், அறுத்த இடத்துக்குக் கீழே கட்டிய கப்பி வழியாகக் கயிறு அதைப் பிடிக்கிறது. துண்டு இரண்டு மீட்டர் விழுந்து, அரை மீட்டருக்குள் நின்றுவிட்டது என்றால், நிறுத்தும்போது கயிற்றில் வரும் சராசரி இழுப்பு எடையைப் போல ஐந்து மடங்கு, அதாவது ஒரு டன். உச்ச இழுப்பு அதற்கும் மேலே போகும். கப்பியின் இரண்டு பக்கமும் கயிறு கீழ்நோக்கி இழுப்பதால் தண்டின் மேல் விழும் சுமை இரண்டு டன்னைத் தொடும். அறுத்தவரும் அதே தண்டில்தான், கப்பிக்குச் சற்றுக் கீழே, தன்னைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

தரையில் கயிற்றைப் பிடித்திருப்பவர் கையை இறுக்காமல் கயிற்றை ஓடவிட்டு, துண்டை இரண்டு மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் இழுப்பு ஐந்து மடங்கிலிருந்து இரண்டு மடங்காக இறங்கிவிடும். மேலே இருப்பவரின் உயிர் கீழே இருப்பவரின் விரல்களில் இருக்கிறது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொன்னால் அது வெறும் பேச்சில்லை. 200 கிலோவை ஒருவர் எப்படிக் கையால் பிடிக்கிறார் என்றால், கயிற்றை அடிமரத்திலோ அங்கே கட்டிய உலோக உருளையிலோ சுற்றிவிட்டுப் பிடிக்கிறார். ஆய்லர் வகுத்த சூத்திரப்படி உராய்வு சுற்றுக்குச் சுற்றுப் பெருக்கலாக ஏறும். உராய்வு எண் 0.25 என்று வைத்தால், இரண்டு சுற்றில் பிடிப்பு 23 மடங்கு. 200 கிலோவை நிறுத்திவைக்க 9 கிலோ இழுப்புப் போதும். மூன்றாவது சுற்றையும் போட்டால் 2 கிலோகூட வேண்டாம், ஆனால் கயிறு ஓடவே ஓடாது, துண்டு வெடுக்கென்று நின்று மேலே இருப்பவரை உலுக்கிவிடும். எத்தனை சுற்று என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடிவுசெய்து, படிவத்தில் குறித்துவைக்கச் சொல்வது இதனால்.

ஆள் தொங்கும் கயிறு, இடுப்புப் பட்டை, காரபினர் கொக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தூக்கும் கருவிகள் பற்றிய 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆளைச் சுமக்கும் கருவிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் கையால் தடவி, வளைத்து, பிரித்துப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். புதிய ஏறுகயிறு இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் இழையை மெல்ல மெல்லத் தளர்த்திவிடும். மணல் துகள் உறைக்குள் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். வேகமாக இறங்கும்போது முடிச்சு உரசிய இடம் சூடேறி, இழை உருகிக் கண்ணாடிபோல மினுங்கும். இவற்றில் பாதி கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கயிறு எப்போது வாங்கியது, எப்போது ஒரு பெரிய உலுக்கலைத் தாங்கியது என்ற வரலாறு ஏட்டில் இல்லாவிட்டால் அந்தக் கயிற்றின் வயதைச் சொல்ல யாராலும் முடியாது.

இங்கே ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும். உயரத்தில் வேலை செய்வது பற்றிய 2005-ஆம் ஆண்டு விதிகள், கயிற்றில் தொங்குபவருக்குத் தனித்தனியாகக் கட்டிய இரண்டு கயிறுகள் வேண்டும் என்கின்றன. இரண்டாவது கயிறு ஆபத்தை அதிகமாக்கும் என்று ஆராய்ந்து காட்டினால் ஒற்றைக் கயிற்றுக்கு விலக்கு உண்டு. கிளைகளுக்குள் இரண்டு கயிறு சிக்கும் என்று சொல்லி மரத் தொழில் நெடுங்காலம் அந்த விலக்கிலேயே ஓடியது. 2019 வாக்கில், வேலையிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு நிர்வாகம் இதை ஏற்க மறுத்து, இரட்டைக் கயிறே வழக்கமாக வேண்டும் என்று வலியுறுத்தியது. வேகம் குறையும், சலிப்பு வரும் என்று எதிர்ப்பு எழுந்தது. ஆனால் ஏறுபவர் கையில் இருப்பது, தன் சொந்தக் கயிற்றை ஒரு நொடியில் அறுத்துவிடக்கூடிய ரம்பம். அவர் நம்பியிருப்பதோ உள்ளே என்ன இருக்கிறதென்று முழுதாகத் தெரியாத ஒரு கிளைக்கவட்டை. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் நிர்வாகம் சொன்னதுதான் சரி என்பேன்.

அடுத்து, மீட்பு. படிவத்தில் மிக அலட்சியமாக நிரப்பப்படும் கட்டம் இது. “999 அழைக்கவும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர் மரம் ஏற மாட்டார். நினைவிழந்து இடுப்புப் பட்டையில் அசையாமல் தொங்குபவரின் கால் தசைகள் வேலை செய்யாததால், காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்புவது குறையும். அதே நிலையில் நெடுநேரம் தொங்கவிடுவது உயிருக்கு ஆபத்து. ரம்பக் காயம் என்றால் அவகாசம் இன்னும் குறைவு. சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார். ஆகவே ஏறத் தெரிந்த இன்னொருவர் தரையில் இருக்க வேண்டும். அவருடைய கயிறும் பட்டையும் பையிலிருந்து வெளியே எடுத்துத் தயாராக இருக்க வேண்டும். ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை ஏறுபவரின் இடுப்பிலேயே இருக்க வேண்டும், வேனில் பூட்டிய பெட்டிக்குள் இருந்து பயனில்லை. காட்டுக்குள் வேலை என்றால் வீட்டு எண் கிடையாது, வரைபடக் கட்ட எண்ணை எழுதிவைத்திருக்க வேண்டும். வழியில் பூட்டிய கதவு இருந்தால் அதன் சாவி யாரிடம் என்பதும் அதில் இருக்க வேண்டும். எழுத ஐந்து நிமிடம் ஆகும் இந்த விவரங்களை, ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது தேட முடியாது.

ரம்பக்காரர் போடும் கால்சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அது தடித்த துணி என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உள்ளே நீண்ட மெல்லிய இழைகள் அடுக்கடுக்காகத் தளர்வாக இருக்கும். சங்கிலி பட்டதும் இழைகள் கொத்தாக வெளியே இழுபட்டு, சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ரம்பத்தைத் திணறடித்து நிறுத்தும். முதல் வகுப்புக் கால்சட்டை நொடிக்கு 20 மீட்டர் வேகத்துக்கும், மூன்றாம் வகுப்பு 28 மீட்டர் வேகத்துக்கும் சோதிக்கப்பட்டது. இழை தளர்வாக இருப்பதுதான் பாதுகாப்பு என்பதால், கிழிந்த இடத்தை உள் அடுக்கு வரை ஊசி போட்டுத் தைத்துவிட்டால் அந்த இடத்தில் பாதுகாப்பு போய்விடும், வெளிப்பார்வைக்கு ஒட்டுப்போட்டது மட்டும் தெரியும். உடையின் நிலையையும் தினமும் பார்த்துக் குறிக்கச் சொல்வது பொருளற்றதல்ல.

அதிர்வுக்கும் ஓர் ஏடு வைக்கிறார்கள். ரம்பம் நாள் முழுவதும் கையை உலுக்கினால் விரல்களின் ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டு, குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும். முற்றிவிட்டால் திரும்பாது. அதிர்வின் முடுக்கம் எட்டு மணி நேரச் சராசரியாக 2.5 மீட்டர்/நொடி² என்ற அளவைத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது என்பது 2005-ஆம் ஆண்டு விதி. சேதம் அதிர்வின் வர்க்கத்தில் ஏறுவதாகக் கணக்கு. அதிர்வு 5 உள்ள ரம்பத்தில் முதல் எல்லையைத் தொட இரண்டு மணி நேரம் ஆகும், 10 உள்ள கருவியில் அரை மணி நேரமே போதும். இயந்திரத்தைப் பழுது பார்க்காமல் ஓட்டுகிறவர் தன் விரலைக் கொடுத்து ஓட்டுகிறார்.

கிளைகளைத் தூளாக்கும் சிப்பர் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உருளைகள் கிளையைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே ஒருவர் ஏறியிருக்கிறார். அவருடைய கயிற்றின் மீதிப்பகுதி புல்லில் சுருண்டு கிடக்கிறது. தழையோடு தழையாக அந்தக் கயிற்றின் நுனியும் சிப்பருக்குள் போனால், இயந்திரம் கயிற்றோடு மனிதனையும் சேர்த்து இழுக்கும். இந்த விபத்து உலகில் நடந்திருக்கிறது. இதைத் தடுக்க விலை உயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. சிப்பர் எங்கே நிற்கும், ஏறுகயிறு எந்தப் பக்கம் விழும், வீணான தழை எந்த வழியாகப் போகும் என்று ஒரு கோட்டுப் படம் வரைந்து, கயிற்றின் மீதியைப் பையில் போட்டுவைத்தால் போதும்.

மின்கம்பி விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. பச்சை மரத்துக்குள் ஓடுவது உப்புக் கரைந்த நீர், அது மின்சாரத்தைக் கடத்தும். பிரிட்டனின் கிராமப்புறத்தில் மரக் கம்பங்களில் உறையில்லாமல் போகும் கம்பிகள் பலவும் 11,000 வோல்ட். தொட வேண்டியதுகூட இல்லை, இடைவெளி குறைந்தால் மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். கம்பிக்குப் பக்கத்தில் கிளை போனால் மின் நிறுவனம் வந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை வேலை நிற்கும்.

இத்தனை அறிவும் அடங்கிய தாள் ஏன் பல இடங்களில் செத்த தாளாகிவிடுகிறது? நகல் எடுப்பதால். அலுவலகத்தில் யாரோ ஒருமுறை நாற்பது பக்கத்துக்கு ஓர் இடர் மதிப்பீடு தயாரிப்பார். உலகில் உள்ள எல்லா ஆபத்தும் அதில் இருக்கும், இந்த மரம் மட்டும் இருக்காது. அடுத்த வேலைக்கு முகவரியை மட்டும் மாற்றி அச்சடிப்பார்கள். குளம் இல்லாத தோட்டத்தில் நீரில் மூழ்கும் அபாயம் பற்றி ஒரு பத்தி இருக்கும், காலடியில் உள்ள கண்ணாடிக் குடில் பற்றி ஒரு சொல் இருக்காது. வேலைக்காரர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடப் பழகுவார். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், உண்மையான எச்சரிக்கை அதில் இருந்தாலும் கண்ணில் படாது. அளவுக்கு மீறிய காகிதம் பாதுகாப்பைக் குறைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாறாத விஷயங்களை, அதாவது ரம்பம் எப்படிப் பிடிப்பது, எரிபொருள் எங்கே ஊற்றுவது என்பவற்றை, ஒரு கோப்பில் வைத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தினால் போதும். மரத்தடியில் நிரப்புவது இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று, காலை எட்டரைக்கு எழுதிய தாள் பகல் பன்னிரண்டுக்குப் பொருந்தாமல் போகலாம். காற்று எழும்பும். ஏறியவர் மேலே ஒரு பொந்தைக் கண்டுபிடிப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பள்ளி விட்டு வருவார்கள். நல்ல குழு அப்போது ரம்பத்தை நிறுத்தி, எல்லோரையும் கூட்டி, நேரத்தைக் குறித்து ஒரு வரி சேர்க்கும்: “12.10, காற்று கூடிவிட்டது, உச்சிக் கொம்பு இன்று வேண்டாம்.” பேனாவை அன்றைய குழுவில் மிக இளையவரிடம் கொடுத்து, அவரையே சுற்றி நடந்து பார்த்துச் சொல்லச் சொல்வது இன்னும் நல்லது. அனுபவசாலிக்குப் பழகிப்போனது புதியவர் கண்ணில் படும், புதியவருக்கும் மரத்தைப் படிக்கும் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும். இப்போது பல நிறுவனங்கள் கைபேசிச் செயலிக்கு மாறிவிட்டன. படமும் நேரமும் தானாகப் பதிவது நன்மைதான். ஆனால் நேற்றைய பதிலை ஒரே தொடுதலில் இன்றைக்கும் நிரப்பிக்கொள்ளும் வசதியையும் செயலி தருகிறது. அதை அணைத்துவைக்கச் சொல்வேன்.

விபத்து நடந்த பிறகு எழுதும் அறிக்கையைவிட, நூலிழையில் தப்பியதை எழுதும் இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம். கிளை தலைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது, கொக்கியின் பூட்டு முழுதாக விழாமல் இருந்தது என்று மாலையில் வேனில் ஏறுமுன் எழுதினால், அடுத்த நாள் வேறொரு குழு அதைப் படிக்கும். எழுதியவரைத் திட்டாத முதலாளி இருக்கும் இடத்தில்தான் அந்த வரிகள் வரும்.

இதைப் படிப்பவர்களில் பலர், மழைக்காலத்துக்கு முன் வீட்டு வேம்பிலோ மாமரத்திலோ கிளை கழிக்க ஆள் கூப்பிடுகிறவர்களாக இருப்பீர்கள். வருகிறவரிடம் இப்படியொரு படிவம் இருக்காது. அதில் உள்ள கேள்விகளை நீங்கள் கேட்கலாம். அவரோடு சேர்ந்து மரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள், அடியில் காளானோ பொந்தோ இருந்தால் காட்டுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஏற விடுங்கள். மேலே ஏதாவது ஆனால் இறக்கத் தெரிந்த இன்னொருவரைக் கூட்டி வரச் சொல்லுங்கள், அந்த இரண்டாவது ஆளின் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.